வயிற்றில் விடை தேடும் விஞ்ஞானம்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடலில் உருவாகும் சில கொழுப்பு அமிலங்கள் மூளையின் ரசாயனத்தை மாற்றுகின்றனவா? கால் நூற்றாண்டாக ஆராய்ச்சியாளர்கள் கேட்டுவரும் கேள்வி இது. பதில் வரும் முன்பே மருந்துக் கடைகள் முந்திக்கொண்டுவிட்டன.

செகந்திராபாத் கண்டோன்மென்டின் வடகோடியில் இருக்கிறது போலாரம். குடியரசுத் தலைவர் தெற்கே வந்தால் தங்கும் ராஷ்டிரபதி நிலையம் இங்கேதான். ராணுவத்தையும் ரயில்வேயையும் ஒட்டி வந்து, தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, போயின்பள்ளி பக்கம், மனோவிகாஸ் நகர். மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனத்தை மத்திய அரசு 1984-ல் தொடங்கியது இங்கேதான். பெயர் பிறகு மாறிவிட்டது. அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் என்று இன்று அது இயங்குகிறது.

இந்த வளாகம் நாட்டுக்குக் கொடுத்த முக்கியமான கருவிகளில் ஒன்று, ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோல். 2009-ல் வெளியான இதில் 40 கேள்விகள். குழந்தை கண் பார்த்துப் பேசுகிறதா, தனக்குள்ளேயே ஒதுங்கிப் போகிறதா, ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்கிறதா என்று ஆறு பிரிவுகளில் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் 40, மிக அதிகம் 200. எழுபதுக்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. ஊனமுற்றோருக்கான 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது இடம்பிடித்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் அதுவும் ஒன்று. சான்றிதழ் வாங்க வரும் பெற்றோருக்கு இந்த 40 கேள்விகள்தான் முதல் வாசல்.

அந்த 40 கேள்விகளிலும் வயிற்றைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் பெற்றோரின் கேள்விகளில் பாதி அதைப் பற்றியதுதான். மூன்று நாளாக மலம் கழிக்கவில்லை, தயிர் சாதத்தைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான், வயிறு உப்பினால் இரவெல்லாம் தூங்குவதில்லை. இவை வெறும் புலம்பல்கள் அல்ல. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2014-ல் வெளியானது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறுகள் இருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் என்றது அது. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி மூன்றும் அதில் அடக்கம். மூளை சம்பந்தப்பட்ட ஒரு குறைபாட்டில் குடலுக்கு என்ன வேலை என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

மூன்று அமிலங்கள்

நாம் சாப்பிடுவதில் எல்லாமே சிறுகுடலில் ஜீரணமாகிவிடுவதில்லை. கீரை, பயறு, காய்கறி ஆகியவற்றின் நார்ச்சத்தும், ஆறிப்போன சோற்றில் உறைந்துவிடும் ஒருவகை மாவுச்சத்தும் அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. இட்லி மாவு புளிப்பது போல அங்கேயும் ஒரு புளிப்பு நடக்கிறது. அதில் முக்கியமாக மூன்று அமிலங்கள் உருவாகின்றன. காடியில் இருக்கும் அசிடிக் அமிலம், வெண்ணெயை ஒட்டிப் பெயர் பெற்ற பியூட்டிரிக் அமிலம், இரண்டுக்கும் நடுவே புரோபியோனிக் அமிலம். குறுகிய கரிமச் சங்கிலி கொண்டவை என்பதால் இவற்றைக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்கிறார்கள்.

இவை விஷம் அல்ல. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்குப் பியூட்டிரிக் அமிலம்தான் முக்கியமான எரிபொருள். இந்த அமிலங்களின் பயனை உலகத்துக்கு எடுத்துக்காட்டியதில் வேலூருக்கும் பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சக டாக்டர்களும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் நடத்திய ஆய்வு 2000-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியானது. உப்பு சர்க்கரைக் கரைசலோடு எளிதில் ஜீரணமாகாத மாவுச்சத்தையும் கலந்து கொடுத்தார்கள். பெருங்குடலில் அது கொழுப்பு அமிலங்களாக மாறி, உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுத்துக்கொள்ள உதவியது. வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது.

ஆகவே இந்த அமிலங்கள் நண்பர்களா எதிரிகளா என்று கேட்பது சரியல்ல. எந்த அமிலம், எவ்வளவு, எந்த வயதில், உடலின் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். ஆட்டிசம் ஆராய்ச்சியின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

எலிகள் சொன்ன கதை

கதையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒரு தாயும் உண்டு. எல்லன் போல்ட்டி என்ற அமெரிக்கப் பெண்மணி, காதுத் தொற்றுக்காகத் தொடர்ந்து ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட தன் மகனுக்குப் பிறகு ஆட்டிசம் அறிகுறிகள் வந்ததைக் கவனித்தார். மருந்து நல்ல கிருமிகளை அழித்துவிட, அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் இனத்துப் பாக்டீரியா குடியேறியிருக்கலாம் என்று 1998-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். சிகாகோவில் டாக்டர் ரிச்சர்ட் சாண்ட்லர் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாக வளர்ந்துகொண்டிருந்து திடீரெனப் பின்னடைந்த 11 குழந்தைகளுக்கு, குடலைத் தாண்டி அதிகம் போகாத வான்கோமைசின் மருந்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலான குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் அது கரைந்துபோனது. 2000-ல் வெளியான இந்த முடிவு இரண்டு பாடங்களைத் தந்தது. குடலில் ஏதோ இருக்கிறது. ஆனால் ஆன்டிபயாடிக் அதற்கு வழியல்ல.

க்ளாஸ்ட்ரிடியம் இனத்தின் பல பாக்டீரியாக்கள் புரோபியோனிக் அமிலத்தைத் தயாரிப்பவை. கனடாவில் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தின் டெரிக் மெக்ஃபேப் இதைப் பிடித்துக்கொண்டார். எலிகளின் மூளைக்குள் இருக்கும் திரவ அறைகளில் இந்த அமிலத்தை நேரடியாகச் செலுத்தினார். எலிகள் பரபரத்து ஓடின, ஒரே பக்கமாகச் சுற்றின, கூட்டாளி எலிகளை விட்டு விலகின. மூளைத் திசுக்களில் அழற்சியின் அடையாளங்கள் தெரிந்தன. 2007-ல் வெளியான இந்த ஆய்வுதான், குடலின் அமிலம் மூளையைத் தொடும் என்ற கருத்துக்கு உருவம் கொடுத்தது.

எப்படித் தொடும்? விஞ்ஞானிகள் சொல்லும் வழிகள் பல. பியூட்டிரிக், புரோபியோனிக் அமிலங்கள் மரபணுக்களைச் சுற்றியிருக்கும் புரத உறையைத் தளர்த்தி, சில மரபணுக்களை வேலை செய்யவைக்கும், சிலவற்றை அடக்கும். டோபமைன் தயாரிப்பில் முதல் படியாக இருக்கும் என்சைமின் மரபணுவும் இதில் பாதிக்கப்படுவதைச் சோதனைச்சாலையில் வளர்த்த செல்களில் பார்த்திருக்கிறார்கள். செரடோனின் இன்னொரு வழி. உடலின் செரடோனினில் 90 சதவிகிதத்துக்கும் மேல் தயாராவது மூளையில் அல்ல, குடலில். குடல் பாக்டீரியாக்களும் அவை தரும் அமிலங்களும் இந்தத் தயாரிப்பைக் கூட்டுகின்றன என்று 2015-ல் தெரியவந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் செரடோனின் கூடுதலாக இருப்பது 1961 முதலே தெரிந்த விஷயம். ஆனால் குடலின் செரடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. அது பேச வேண்டுமானால் குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகத்தான் பேச வேண்டும்.

மூன்றாவது வழி மூளையின் காவல் செல்கள். தேவையற்ற நரம்பு இணைப்புகளை வெட்டிச் சீராக்குவது இவற்றின் வேலை. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த சுண்டெலிகளுக்கு இந்தச் செல்கள் முதிர்ச்சி அடையாமல் நின்றுவிடுகின்றன. குடிநீரில் இந்த மூன்று அமிலங்களையும் கலந்து கொடுத்ததும் அவை சீரடைந்தன. ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் கண்டது இது. அதாவது, மெக்ஃபேப்பின் எலிகளைக் கெடுத்த அதே குடும்பத்து அமிலங்கள் இங்கே மூளைக்கு உதவியிருக்கின்றன. ஒன்று நேரடியாக மூளைக்குள் செலுத்தப்பட்டது, மற்றது வயிற்றின் வழியாகப் போனது. குடலில் உருவாகும் புரோபியோனிக் அமிலத்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மூளை வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

மனிதர்களிடம் உறுதியாகத் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு, ஆனால் அது குடலிலிருந்து வருவதல்ல. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வால்புரோயேட் மாத்திரையும் ரசாயன அமைப்பில் ஒரு கொழுப்பு அமிலம்தான். மரபணு உறையைத் தளர்த்தும் குணம் அதற்கும் உண்டு. டென்மார்க்கில் பிறந்த 6.55 லட்சம் குழந்தைகளை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்தில் தாய் இந்த மருந்தைச் சாப்பிட்டிருந்த குழந்தைகளில் 4.42 சதவிகிதத்தினருக்கு ஆட்டிசம் வகைக் குறைபாடுகள் இருந்தன. மொத்தக் குழந்தைகளில் அது 1.53 சதவிகிதம். வளரும் மூளையைக் கருவிலேயே ஓர் அமிலம் திசைமாற்றக்கூடும் என்பதற்கு இது சான்று. (இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் தாங்களாகவே வலிப்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.)

நம் குழந்தைகள், நம் கிருமிகள்

எலிகள் இருக்கட்டும். குழந்தைகள் விஷயம் என்ன? ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மலத்தில் இந்த அமிலங்களை அளந்து பார்த்தவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. 2011-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று, மற்றக் குழந்தைகளைவிட அளவு குறைவு என்றது. 2012-ல் ஆஸ்திரேலிய ஆய்வு, அதிகம் என்றது. இரண்டுமே பொய்யில்லை. மலத்தில் தங்குவது, குடல் உறிஞ்சியது போக மிஞ்சியதுதான். மலச்சிக்கல் இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு.

இந்தியக் குழந்தைகளிடமும் இதைத் தேடியிருக்கிறார்கள். காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் போபாலின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஆட்டிசம் உள்ள 30 குழந்தைகள். அவர்களுக்குச் சமமாக, அதே குடும்பங்களைச் சேர்ந்த 24 ஆரோக்கியமான குழந்தைகள். குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருப்பதை உறுதி செய்யப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, செகந்திராபாத்தில் உருவான அந்த 40 கேள்வி அளவுகோல். முடிவு சுவாரசியமானது. ஆரோக்கியமான குழந்தைகளின் குடலில் பிரிவோடெல்லா குடும்பத்துப் பாக்டீரியாக்கள் மேலோங்கியிருந்தன. காய்கறி, தானிய உணவோடு சேர்ந்து வளர்பவை அவை. ஆட்டிசம் உள்ளவர்களிடம் லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம் குடும்பங்களும் வெய்லோனெல்லா குடும்பமும் அதிகம்.

லாக்டோபேசில்லஸ் என்பது தயிரைத் தயிராக்கும் கிருமி. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நல்லது என்று கடைகளில் டப்பா டப்பாவாக விற்கப்படும் புரோபயாடிக் பொடிகளில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். ஏற்கெனவே அதிகமாக இருப்பதை மேலும் கொட்டுவதில் என்ன பயன் என்ற கேள்விக்கு அந்த டப்பாக்களின் மேல் பதில் அச்சிடப்பட்டிருக்காது. 30 குழந்தைகளை வைத்து நாட்டுக்கே முடிவு சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை.

கோழியா, முட்டையா?

இந்தத் துறையையே உலுக்கிய ஆய்வு ஆஸ்திரேலியாவிலிருந்து 2021-ல் வந்தது. ஆட்டிசம் உள்ள 99 பேர் உட்பட 247 குழந்தைகளின் மலத்தைச் சோதித்த க்ளோயி யாப் குழுவினர், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஆட்டிசத்துக்கும் குடல் கிருமிகளுக்கும் நேரடியான தொடர்பு மிகமிகக் குறைவாகவே தெரிந்தது. சாப்பாட்டுக்கும் கிருமிகளுக்கும் இருந்த தொடர்பு அதைவிட வலுவாக இருந்தது. சில உணவுகளை மட்டுமே ஏற்கும் பிடிவாதம் ஆட்டிசத்தோடு வருகிறது. ஒரே மாதிரிச் சாப்பாட்டால் கிருமிகளின் வகைகள் குறைகின்றன. அதாவது, கிருமிகளால் ஆட்டிசம் வரவில்லை. ஆட்டிசத்தால்தான் கிருமிகள் மாறுகின்றன.

தயிர் சாதத்தைத் தவிர எதையும் தொடாத பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாய்க்கும் இது ஆச்சரியம் தராது.

ஐந்து நாடுகளைச் சேர்ந்த 20 லட்சம் குழந்தைகளை வைத்து 2019-ல் வெளியான கணக்கு, ஆட்டிசம் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ 80 சதவிகிதம் மரபணுக்களைப் பொறுத்தது என்றது. அதே ஆண்டு, ஆட்டிசம் உள்ளவர்களின் மலத்தைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி அவற்றின் குட்டிகளிடம் ஆட்டிசம் போன்ற நடத்தையைக் கண்டதாக அமெரிக்காவின் கால்டெக் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அதன் புள்ளிவிவரக் கணக்கையே பிறகு பலர் கேள்வி கேட்டார்கள். 2025 இறுதியில் கெவின் மிச்சல், டாரன் டாலி, டோரதி பிஷப் ஆகிய மூவர் இந்தத் துறையின் ஆய்வுகளை வரிசையாக அலசி, குடல் கிருமிகள் ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற வாதத்துக்கு அடிப்படை இல்லை என்றே எழுதிவிட்டார்கள். மறுபக்கத்தினர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அரிசோனாவில் ஜேம்ஸ் ஆடம்ஸ், ரோசா கிராய்மால்னிக் பிரவுன் குழுவினர் 18 குழந்தைகளுக்கு ஆரோக்கியமானவர்களின் குடல் கிருமிகளை மாற்றி ஏற்றினார்கள். வயிற்றுக் கோளாறும் நடத்தையும் மேம்பட்டன என்று 2017-லும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அது நீடித்தது என்று 2019-லும் அறிவித்தார்கள். அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து பெற்ற குழு இல்லை. சிகிச்சை நடப்பது பெற்றோருக்கும் தெரியும். நம்பிக்கையே பாதி முன்னேற்றமாகக் கண்ணில் படும்.

சந்தைக்கு மட்டும் அவசரம்

ஆய்வுக்கூடத்தில் 'இருக்கலாம்' என்று சொல்லப்படுவது கடைக்கு வரும்போது 'குணமாகும்' என்று மாறிவிடுகிறது. பெற்றோரின் பணமும் நேரமும் போவது இந்த ஒரு சொல் மாற்றத்தில்தான். கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தும் உணவுமுறை நாடெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்காவின் ராச்சஸ்டர் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹைமன் 14 குழந்தைகளிடம், எப்போது எது கொடுக்கப்படுகிறது என்று பெற்றோருக்கும் தெரியாமல் சோதித்தார். நடத்தையிலோ தூக்கத்திலோ மலத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே நாலு பண்டம் மட்டும் சாப்பிடும் குழந்தையிடமிருந்து இரண்டைப் பிடுங்கினால், மிஞ்சுவது சத்துக்குறைவுதான்.

ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் கால்சியம் புரோபியோனேட் பற்றியும் பீதி உண்டு. 2019-ல் அமெரிக்காவின் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், கிண்ணத்தில் வளர்த்த நரம்புச் செல்களின் மேல் புரோபியோனிக் அமிலத்தை ஊற்றிப் பார்த்ததிலிருந்து கிளம்பிய பீதி அது. கிண்ணத்துக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவே குடல், கல்லீரல், நஞ்சுக்கொடி எல்லாம் இருக்கின்றன.

இவற்றைவிட அபாயமானவை உண்டு. பரிசோதிக்கப்படாத மலத்தை ஏற்றியதில் மருந்துக்கு அடங்காத கிருமி தாக்கி ஒருவர் இறந்துபோனதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்தது. இந்தியாவில் ஆட்டிசத்துக்கு லட்சக்கணக்கில் வசூலித்து ஸ்டெம் செல் ஊசி போடுவதை தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் ஏற்க மறுத்தது. அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்றும் சொன்னது.

எத்தனை குடும்பங்களின் பிரச்சினை இது? ஹைதராபாத் உட்பட ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளிடம் நடந்து, 2018-ல் வெளியான ஆய்வு, 2 முதல் 9 வயதுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 12 சதவிகிதத்தினருக்கு மூளை வளர்ச்சி சார்ந்த ஏதாவது ஒரு குறைபாடு இருப்பதாகக் கண்டது. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. சந்தை சிறியதல்ல.

வலியைச் சொல்லத் தெரியாதவர்கள்

அப்படியானால் வயிற்றைக் கவனிக்க வேண்டாமா? கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆனால் ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதற்காக அல்ல, வயிற்றுக்காக. பேச்சு வராத குழந்தை வயிற்று வலியை வாயால் சொல்லாது. தலையைச் சுவரில் முட்டும், கையைக் கடிக்கும், வயிற்றை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு நிற்கும், நடுராத்திரியில் எழுந்து அலறும். இதையெல்லாம் ஆட்டிசத்தின் குணம் என்று விட்டுவிட்டால் எளிதில் தீரக்கூடிய மலச்சிக்கல் மாதக்கணக்கில் நீடிக்கும். திடீரென நடத்தை மோசமானால் குழந்தை மருத்துவர் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் வயிறும் ஒன்று. பல், காது மற்ற இரண்டு.

உணவை நிறுத்துவதைவிடச் சேர்ப்பதுதான் நல்ல வழி. தயிர் சாதம் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு அதே தயிர் சாதத்தில் மசித்த காரட் ஒரு கரண்டி, அது பழகியதும் கொஞ்சம் பாசிப்பருப்பு, பிறகு பொடியாக நறுக்கிய கீரை. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நிறமும் மணமும் வழுவழுப்பும் மாறினால் பயப்படும் குழந்தைக்கு, புதிய உணவு பல முறை தட்டுக்கு வந்து பழக வேண்டும். இது பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி ஆகியவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டியது. இந்தப் பயிற்சிகளுக்கு மாற்றாகக் குப்பியிலோ ஊசியிலோ எதுவும் இதுவரை வரவில்லை. சான்றிதழ் இருந்தால் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். பொடி டப்பாவுக்குப் போகும் பணத்துக்கு முன்பு விசாரிக்க வேண்டியது இது.

குடலின் அமிலங்கள் மூளையோடு பேசுகின்றன என்பதில் இன்று அதிகம் சந்தேகம் இல்லை. என்ன பேசுகின்றன, ஆட்டிசத்தில் அந்தப் பேச்சு காரணமா விளைவா என்பது முடிவாகவில்லை. அடுத்த கட்டமாக, குழந்தை பிறந்த நாளிலிருந்தே உணவையும் கிருமிகளையும் அமிலங்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகள் தேவை. அறிகுறி வருவதற்கு முன்பே மாற்றம் இருந்ததா என்பதை அதுதான் சொல்லும். இட்லியும் ரொட்டியும் ராகியும் சாப்பிடும் இந்தியக் குழந்தைகள் அந்தக் கணக்கில் இல்லாவிட்டால் விடையும் அரைகுறையாகவே இருக்கும். அதுவரை யாராவது குடலைச் சரிசெய்து ஆட்டிசத்தை மாற்றுவேன் என்று சொன்னால், எத்தனை குழந்தைகளிடம், எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் பார்த்தீர்கள் என்று பெற்றோர் கேட்கலாம். அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் வைத்திருக்கும் கடை எதுவும் இன்றில்லை.